ஒற்றை ஆட்டுச் சந்து

கோடை நெருங்குகிற நவம்பரில் பாதி போயும் தெற்குக் காற்று ஓயவில்லை. பனிக்கண்டத்திலிருந்து கிளம்பி நடுவில் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாமல் நேரே தென்கோடி இன்வர்கார்கிலுக்கு வருகிற விருந்தாளி என்று ஊரில் அதற்குப் பெயர். கெடஸ் வீட்டுப் பின்னறை ஜன்னலில் காலையிலிருந்து ஆலங்கட்டி விட்டுவிட்டு அடித்தது. ஷோனா ஹீட்டரைக் கால்மாட்டில் இழுத்து வைத்துக்கொண்டு, பால்பண்ணைப் பாடம் ஒன்றில் ஒரு பசுவைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் பசு அசையவில்லை. ஓரத்தில் இருந்த வரிசையில் அதன் பெயர்தான் இறங்கியது.

மகள் பெர்த்துக்குப் போனபின் அந்த அறைதான் ஷோனாவின் அலுவலகம். டனீடனில் உள்ள ஒரு கம்பெனிக்காக இணையப் பாடங்கள் செய்கிறாள். பண்ணையோ மர ஆலையோ முதியோர் இல்லமோ, வேலைக்குச் சேர்கிற ஆள் முதலில் கணினிமுன் உட்கார்ந்து முடிக்க வேண்டிய பாடங்கள். அதில் அவள் பொறுப்பில் இருந்தது யாரும் பார்க்காத ஒரு பகுதி. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் குரலில் சொல்லும். எதை முதலில் சொல்ல வேண்டும், எதை அடுத்து, எதைச் சொல்லவே வேண்டாம் என்று ஒருவர் உட்கார்ந்து வரிசை போட வேண்டும். போடாவிட்டால் பொருள்கள் பக்கத்தில் வந்து சேர்ந்த கிரமத்திலேயே அது படித்துக்கொண்டு போகும். கடைசியில் சேர்த்த தலைப்பு கடைசியில் வரும். கேள்விக்கு முன்னால் பதில் வந்து நிற்கும்.

இந்த வேலையை அவள் விரும்பிக் கேட்டு வாங்கினாள். காரணம் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

அவள் கணவன் மர்டோ கெடஸ் ஊருக்கு வடக்கே உள்ள இறைச்சி ஆலையில் ஆட்டுப் பட்டிக்காரனாக இருந்தவன். லாரியில் வந்து இறங்குகிற மந்தைகளை ஒரே ஒரு ஆடு மட்டும் நுழைகிற பலகைச் சந்தில் ஓடவிட்டு, சந்தின் கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். காதில் உள்ள அடையாளத்தைப் பார்த்து இது இடப்பக்கம், அது வலப்பக்கம் என்று கதவை வீசுவான். சர்க்கரை முற்றி இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்து, மருத்துவர்கள் லேசரால் சுட்டும் ஊசி போட்டும் பார்த்து, கடைசியில் வெளிச்சம் மட்டும் மிச்சம் என்று ஆனபோது ஆலை அவனைக் கைவிடவில்லை. ஆடு அனுப்பும் பண்ணைக்காரர்கள் போன் செய்தால் இடம் பதிந்து தரும் மேசையில் உட்காரவைத்தார்கள். எந்தப் பண்ணையில் பாலம் குறுகல், எந்த மேட்டில் மழைக்கு லாரி ஏறாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு வாசிப்பான் குரலைக் கேட்டே வேலையைப் பழகிவிட்டான்.

குரலை அவன் வைத்திருந்த வேகம் ஷோனாவுக்குப் பிடிபடாது. தகரத்தில் கடுகு கொட்டுவதுபோல இருக்கும். அவன் எப்போதும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சமையலறையில். அவள் கண்ணைத் திரையில் வைத்துப் பின்னறையில். சண்டையில்லாத வீடு. சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். தொடும்போதெல்லாம் அவன் திடுக்கிடுவான். நாளடைவில் தட்டை வைத்துவிட்டு வாசனைக்கே விட்டுவிடப் பழகியிருந்தாள்.

அந்த ஆலைக்கே புதிய பாதுகாப்புப் பாடம் செய்கிற வேலை வந்தபோது ஷோனா அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பாடம் தயாரானதும் ஆலைக் கேன்டீனில் சீஸ் ரோலும் தேநீரும் வைத்துச் சின்னதாக ஒரு விழா. மேலாளர் அவளைப் பேசச் சொன்னார். வெட்கத்தோடு எழுந்து, "இதுக்கு மர்டோவுக்கு யாரும் பக்கத்துல உக்கார வேண்டாம். தன் கையாலேயே முடிப்பான்," என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். மர்டோ கையில் சீஸ் ரோலோடு, சத்தம் வந்த பக்கமெல்லாம் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு பாடத்தை முடித்தாயா என்று எப்போது கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ராவிரி வந்தான். மர்டோவின் பழைய பட்டிக் கூட்டாளி, இப்போது பட்டி மேஸ்திரி. ஆடு வெட்டும் சீசனில் தினமும் காலையில் மர்டோவைத் தன் வண்டியில் ஏற்றிப்போவது அவன்தான். அவன் குடும்பத்துக்குத் தெற்குத் தீவுகளில் டீட்டி என்கிற கடற்பறவையின் குஞ்சு பிடிக்கும் பரம்பரை உரிமை உண்டு. ஏப்ரலில் பிடித்து உப்பில் போட்டதில் மிச்சமிருந்த ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தான்.

"ஏ ஷோனா, பெரிய பானையா எடு. மூணு தண்ணி மாத்தி வேகவை. மொதத் தண்ணியைக் கொட்றப்ப ஜன்னலைத் தொற. இல்லேன்னா பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடுவான்."

"எனக்கே சொல்லித் தர்றியா? போன வருஷம் உன் பொண்டாட்டி வேகவெச்சதைத் தின்னு நாக்கு உப்புல ஊறிப்போச்சு."

"அது அவ கைமணம். அதைப் பத்திப் பேசினா எனக்குச் சோறு கிடைக்காது." நாற்காலியை இழுத்து மர்டோவின் எதிரே உட்கார்ந்தான். "என்ன மாப்ள, காதுல என்ன ஓடுது?"

மர்டோ ஒரு காதைத் திறந்தான். "ரக்பி. நீ ஆதரிக்கிற கூட்டம் தோத்துக்கிட்டு இருக்கு."

"பழக்கம்தானே." ராவிரி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தான். பானையில் உப்புத் தண்ணீர் முனகத் தொடங்கியது. மஞ்சள் டர்னிப் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த ஷோனாவின் முதுகைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். ஆனால் அந்தச் சமையலறையில் குரலைத் தணித்தும் பயனில்லை. "திங்கக்கிழமை சீசன் ஆரம்பிக்குது மாப்ள. பாடம் பாஸாகாதவன் அட்டைக்குக் கேட் தொறக்காது. உனக்காக நான் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாருக்கும் ஒரே சட்டம்ங்கறாங்க."

"தெரியும். வாயை மூடு."

ஷோனா கத்தியை வைத்தாள். "இன்னும் பாஸாகலையா?"

ராவிரிக்குத் தான் எங்கே கால் வைத்தோம் என்று தெரிந்துவிட்டது. "ரெண்டு தடவை எழுதிட்டான். உங்கிட்டச் சொல்லலையா?"

"மர்டோ?"

"விடு ஷோனா."

"பதில் தெரியலையா உனக்கு? முப்பது வருஷமா அங்க இருந்தவன், குளிரறையில அம்மோனியா கசிஞ்சா எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியலையா?"

"தெரியும்."

"பின்ன?"

"விடுன்னு சொன்னேன்ல."

"நான் பக்கத்துல உக்காந்து அமுக்கறேன்டா, நீ பதில் மட்டும் சொல்லுன்னேன்," என்றான் ராவிரி. "மாட்டேங்கறான். யாரும் பக்கத்துல வேண்டாமாம். நீ அன்னிக்குக் கேன்டீன்ல சொன்னியாம்." பிறகு, இறுகிப்போன இடத்தைத் தளர்த்துவதற்காகச் சிரித்தான். "இதுல கூத்து என்னன்னா, மொதப் பக்கத்துல இவன் மூஞ்சியே பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கு. அந்தப் பாடமே இவனைத் தோக்கடிக்குது!"

மர்டோ இன்னொரு காதையும் திறந்தான்.

"என் மூஞ்சியா?"

மர்டோ அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"என்ன படம் ஷோனா?"

"நீ பட்டி வேலி மேல உக்காந்திருப்பியே. உன் நாய் மெக் கீழே படுத்திருக்கும். அது."

"மொதப் பக்கத்தை நான் எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். படம்னு ஒண்ணு வரவே இல்லையே."

"அது சும்மா அழகுக்கு வெச்சது, மர்டோ. அழகுக்கு வெக்கிற படத்தை வாசிப்பானுக்குத் தெரியாம மறைச்சிடணும். அதான் முறை. இல்லேன்னா பூவு, கோடு, மேகம்னு ஒண்ணுவிடாமச் சொல்லி உயிரை வாங்கும்."

"ஓகோ. அழகுக்கு."

"மாப்ள, உன்னை அழகுன்னு ஒருத்தி சொல்லியிருக்கா. எழுதி வாங்கி வெச்சுக்க," என்றான் ராவிரி. யாரும் சிரிக்கவில்லை.

"ஆலையில எல்லாரும் பாத்தாச்சு?" என்று கேட்டான் மர்டோ.

"பாக்காம எப்படி. மொதப் பக்கமாச்சே," என்றான் ராவிரி.

மர்டோ எழுந்தான். மேசை விளிம்பைத் தொட்டு, குளிர்பெட்டியைத் தொட்டு, கதவுப் பக்கம் மாட்டியிருந்த மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். ராவிரி பூட்ஸ் மாட்டும்போது சொன்னான்: "நான் வேணும்னு சொல்லல." "தெரியும்," என்றாள் ஷோனா. முதல் தண்ணீரைக் கொட்டினாள். ஜன்னலைத் திறக்க மறந்தாள்; அடுப்பை அணைத்துப் பறவையைப் பாதி வேக்காட்டில் விட்டாள்.

வீடு முழுக்க மீனும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்த அந்த வாடையோடு பின்னறைக்குப் போனாள். பாடத்தைத் திறந்தாள். அதை ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு பொத்தானாக வாசிப்பானில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தாள். ஒரு குறையும் இல்லை என்று தன் பெயரைப் போட்டிருந்தாள். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்படித் துணி ஒன்றை எடுத்துவந்து திரைமேல் போட்டாள். காதுக் கருவியை மாட்டி, குரலைத் தனக்கு எட்டுகிற வேகத்தில் வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் 'டேப்' விசையை அமுக்கினாள்.

முதல் பக்கம். ஆலையின் பெயர். வரவேற்பு. 'தொடங்கு' பொத்தான். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

பாடம் ஒழுங்காகத்தான் போயிற்று. கையுறை, கத்தி, வழுக்குத் தரை, லாரி பின்னுக்கு வரும் முற்றம். தேர்வுக்கு வந்தாள். இரண்டு அட்டைகள் பக்கம் பக்கமாக நிற்கிற பக்கங்கள் அவை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கூற்று, கீழே 'சரி', அதற்குக் கீழே 'தவறு'. துணியின் கீழிருந்து குரல் சொன்னது:

"அம்மோனியா கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கிப் போக வேண்டும். தீப்பிடித்தால் குளிரறைக்குள் ஒதுங்கலாம். சரி. சரி. தவறு. தவறு. அனுப்பு."

ஷோனா கையை எடுத்தாள். மறுபடி அமுக்கினாள். சரி. சரி. தவறு. தவறு. எந்தச் 'சரி' எந்தக் கூற்றுக்கு? துணியை விலக்கினால் தெரியும். விலக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

எப்படி ஆயிற்று என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. முதலில் அட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருந்தன. பார்க்க நன்றாக இல்லை, பக்கம் பக்கமாக வையுங்கள் என்று ஆலை கேட்டது. நகர்த்தியபின் வரிசையைப் புதிதாகப் போட்டாள். வரிவரியாக, இடமிருந்து வலமாக, தன் கண் போகிற வழியில். பிறகு ஓட்டிப் பார்த்தபோது திரை எதிரே திறந்திருந்தது. காது கேட்ட குழப்பத்தைக் கண் அந்தந்த நொடியிலேயே சரிசெய்துகொண்டது. திரையை மூடிவைத்துக் கேள் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்த ஒரு பாடத்துக்குத் தேவையில்லை என்று நினைத்தாள். மர்டோவின் காது எப்படிக் கேட்கும் என்று தனக்குத் தெரியாததா என்று நினைத்தாள்.

வெளியே மழை விட்டிருந்தது. சாயங்காலம் ஆகியும் வெயில் சாய்வாக நின்றது. மர்டோ வேலியோரம் மண்டியிட்டு உருளைக்கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குத் தன் தோட்டத்துக் கிழங்கு இல்லாதவனை அந்த ஊரில் ஆளாக மதிப்பதில்லை. ஒரு கயிற்றை நேராகக் கட்டி, இடக்கையால் அதைத் தடவியபடி, வலக்கையால் மண்ணை இழுத்தான்.

"கேட்டேன்," என்றாள் ஷோனா.

அவன் திரும்பவில்லை. "திரைமேல துணியைப் போட்டுட்டா?"

"போட்டுட்டுத்தான்."

"அப்பச் சரி."

"ஏன் மர்டோ சொல்லல? மொத தடவையே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை."

அவன் ஒரு செடியை முடித்து அடுத்ததற்கு நகர்ந்தான். "உனக்குப் பட்டி முழுசும் தெரியும் ஷோனா. ஒரே பார்வையில எது எங்க நிக்குதுன்னு பாத்துடுவ. எனக்கு இருக்கறது சந்து. ஒண்ணு பின்னாடி ஒண்ணுதான் வரும். நீ ரெண்டு மந்தையைக் கலந்து சந்துக்குள்ள விட்டுட்ட. எது எவன் ஆடுன்னு நான் எப்படிக் கதவு வீசறது?"

"அதைத்தான் கேக்கறேன். ஏன் சொல்லல?"

"அன்னிக்கு எழுந்து நின்னு சொன்னியே. எல்லாரும் கை தட்டினாங்களே." மண்ணைக் கையால் தட்டினான். "எனக்காகன்னு நீ செஞ்சது அது ஒண்ணுதான். அதுவும் எனக்கு ஆகலைன்னு எந்த வாயால சொல்வேன்? மூணாவது வாட்டி ஊகிச்சா விழுந்துடும்னு நெனச்சேன்."

"விழலேன்னா?"

"வீட்டுல உக்காந்திருப்பேன். உக்காந்துதானே இருக்கேன்."

ஷோனா கயிற்றின் மறுமுனையில் போய் மண்டியிட்டு மண்ணை இழுக்கத் தொடங்கினாள்.

"கயித்தை அழுத்தாத," என்றான். "கோணிக்கும்."

"சரி."

"பட்டியில கலந்தவன்தான் பிரிக்கணும். எவனும் கை குடுக்க மாட்டான். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நீ ஒருக்கா கலந்துட்டு இருட்டற வரைக்கும் பிரிச்சே. நான் சோறு கொண்டுவந்தேன்."

"அன்னிக்கு நீ எடுத்த படமா அது?"

"ஆமா."

அவன் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு மண்ணை இழுத்தான்.

ஞாயிறு காலை அவள் டனீடன் மேலாளரை வீட்டு எண்ணில் கூப்பிட்டாள். தப்பு தன்னுடையது, திரையை மூடி ஓட்டிப் பார்க்காமல் பார்த்ததாகப் பெயர் போட்டேன், பாடத்தை இப்போதே இறக்குகிறேன் என்றாள். இனி அவள் முடிக்கிற எதையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்றார்கள். நியாயம்தான் என்று போனை வைத்தாள். ஆலைக்கும் அதையே எழுதினாள்.

பிறகு துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துணியை நீக்கி வரிசையை மாற்றுவாள், போட்டுக் கேட்பாள், மறுபடி நீக்குவாள். முதல் கூற்று, அதன் சரி, அதன் தவறு. இரண்டாவது கூற்று, அதன் சரி, அதன் தவறு. ஒவ்வொரு பொத்தானுக்கும் அது எந்தக் கூற்றின் பொத்தான் என்று சொல்லவைத்தாள். மத்தியானம் மர்டோ கதவருகே வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மூணாவது தண்ணியும் கொட்டிட்டேன். பறவை வெந்துருச்சு," என்றான்.

"வர்றேன். இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது. படத்தை மறைத்திருந்த குறியை நீக்குவது ஒரு சொடுக்குதான். நீக்கியதும் வெற்றுப் பெட்டி ஒன்று கேட்டது: இந்தப் படத்தில் என்ன இருக்கிறது? பசுவுக்கும் பூவுக்கும் டிராக்டருக்கும் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறாள். சுருக்கமாக எழுது, கண்டதை மட்டும் எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே. 'என் கணவர்' என்று எழுதி அழித்தாள். 'பட்டித் தொழிலாளி ஒருவர்' என்று எழுதி அதையும் அழித்தாள். படத்தையே பார்த்தாள். கண் போனபின் அந்த முகத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோலப் பார்க்காமலே இருந்துவிட்டாள். கடைசியில் கண்டதை எழுதினாள். வரிசையில் அதைத் தலைப்புக்கு அடுத்தபடியாக, வரவேற்புக்கு முன்னால் ஏற்றினாள்.

அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் டனீடனில் ஒருவர் அதைச் சரிபார்த்து ஏற்றிவிட்டார். "இப்ப போடு," என்றாள் ஷோனா. மர்டோ சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டான். பக்கத்தில் யாரும் கூடாது என்பது ஞாபகம் வந்து, ஷோனா துவைத்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். தன் செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது என்பது கொடிக்கம்பத்தருகே போன பிறகுதான் தோன்றியது.

காற்று விரிப்பைப் பிடுங்கியது. அதை அடக்கிக் கவ்வியை மாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அவன் முதுகு தெரிந்தது. தோளுக்கு மேலே திரை தெரிந்தது. முதல் பக்கம் நெடுநேரம் நின்றது. பிறகு பக்கங்கள் போயின. தேர்வு வந்தது. இரண்டு அட்டைகள், மறுபடி இரண்டு அட்டைகள். அவன் கை தயங்கவில்லை. பழைய நாளில் கதவை வீசுகிற கை. எல்லாம் முடிந்து திரை முழுக்கப் பச்சை நிறம் வந்தது.

மர்டோ காதுக் கருவியைக் கழற்றினான். பின்னறைப் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னான். கண்ணாடிக்கு வெளியே வாயசைவு மட்டும் தெரிந்தது. முடிஞ்சிருச்சு ஷோனா, என்றிருக்கலாம். காலி அறைக்குச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"இங்க இருக்கேன்," என்றாள் அவள். காற்று அதை வேலிக்கு அப்பால் கொண்டுபோயிற்று.

அவன் பிறகு கருவியை மறுபடி மாட்டினான். திரையில் முதல் பக்கம் திரும்பி வந்தது: வேலிக்கட்டை, மெக், பின்னால் தள்ளிய தொப்பி. ஒரு விசையை அமுக்கிக் கேட்டான். பின்னால் போய் மறுபடி அதையே கேட்டான். அப்போது அவன் காதில் என்ன ஓடுகிறது என்று ஷோனாவுக்குத் தெரியும். ஈர விரிப்பைப் பிடித்தபடி அவனோடு சேர்ந்து அதைச் சொல்லிப் பார்த்தாள்:

'படம். மர்டோ கெடஸ், ஆட்டுப் பட்டி வேலிமேல். காலடியில் அவருடைய நாய். படம் எடுப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.'

அவன் மறுபடியும் பின்னால் போனான்.